ஒரு பட்டை, ஒரு பட்டாளம்!

ஒரு புதிரோடு தொடங்கலாம். ஒரு காட்டில் பத்துச் சிறுத்தைகள் எங்கெங்கே திரிகின்றன என்று தெரிய வேண்டுமானால், பத்துக்கும் தனித்தனியாக ரேடியோ கழுத்துப்பட்டை கட்ட வேண்டும். ஆனால் இருபது ஆப்பிரிக்கக் காட்டுநாய்கள் எங்கே இருக்கின்றன என்று தெரிய ஒரே ஒரு பட்டை போதும். ஏன்?

உங்களைக் காக்க வைக்காமல் விடையை இப்போதே சொல்லிவிடுகிறேன். சிறுத்தை தனியாக வாழும் விலங்கு. காட்டுநாய் கூட்டத்தை விட்டு லேசில் பிரியாது. வேட்டைக்குப் போவதும் சேர்ந்துதான், மர நிழலில் படுத்து உறங்குவதும் சேர்ந்துதான். ஒன்று இருக்கும் இடம் தெரிந்தால் கூட்டம் முழுவதும் இருக்கும் இடம் தெரிந்துவிடும். இந்தக் குணத்தை வைத்துத்தான் ஆப்பிரிக்காவில் இவற்றைத் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள், காப்பாற்றவும் செய்கிறார்கள்.

யார் இந்தக் காட்டுநாய்?

நம் முதுமலை, ஆனைமலைக் காடுகளில் செந்நாய் இருக்கிறது அல்லவா? அதுவும் கூட்டமாக வேட்டையாடும் விலங்குதான். ஆப்பிரிக்கக் காட்டுநாய் வேறு இனம். கால்கள் நீளம், காதுகள் பெரியவை, வட்டமானவை. எடை 20 முதல் 30 கிலோ வரை இருக்கும். உடம்பெங்கும் கறுப்பு, பழுப்பு, மஞ்சள், வெள்ளை என்று திட்டுத்திட்டாக நிறங்கள். வால் நுனி பெரும்பாலும் வெள்ளை. இம்பாலா மானைத் துரத்தும்போது மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓடும்.

ஒரு காலத்தில் ஆப்பிரிக்கக் கண்டத்தின் பெரும்பகுதியில் இவை இருந்தன. இன்று எல்லா நாடுகளிலும் சேர்த்து மிஞ்சியிருப்பவை சுமார் 6,600 தான் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நிலங்கள் வயல்களாகவும் ஊர்களாகவும் மாறின. ஆடு மாடுகளைக் கொல்லும் என்று பயந்து மனிதர்கள் சுட்டார்கள். வீட்டு நாய்களிடமிருந்து வெறிநோய் தொற்றியது. இந்த நோய் ஒரு நாய்க்கு வந்தால் முழுக் கூட்டத்துக்கும் பரவிவிடும். எப்போதும் ஒன்றாக இருக்கும் குணம் அங்கே ஆபத்தாகிவிடுகிறது.

பட்டை கட்டுவது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் ஹ்லுஹ்லுவே-இம்ஃபொலோசி என்று ஒரு வனவிலங்குக் காப்பகம் இருக்கிறது. 1895-ஆம் ஆண்டிலேயே பாதுகாக்கப்பட்ட இடம். பரப்பு சுமார் 960 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம்! அங்கே அழிந்துபோயிருந்த காட்டுநாய்களை 1980-81-இல் வேறு இடங்களிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். இன்றும் அங்கே அவற்றைத் தேடிப் போய்க் கணக்கெடுக்கிறார்கள்.

முதல் வேலை, கூட்டத்தில் ஒன்றுக்குப் பட்டை கட்டுவது. கால்நடை மருத்துவர் ஜீப்பில் இருந்தபடியே மயக்க ஊசியைச் சுடுவார். சில நிமிடங்களில் நாய் தள்ளாடிப் படுத்துவிடும். மயக்கத்தில் அதன் கண்கள் மூடிக்கொள்ளாது. அதனால் கண் காய்ந்துபோகாமல் சொட்டு மருந்து விட்டு, வெயில் படாமல் துணியால் மூடி வைப்பார்கள். பிறகு பட்டையைக் கட்டுவார்கள். கழுத்துக்கும் பட்டைக்கும் நடுவே விரல்கள் நுழையும் அளவுக்கு இடம் விட வேண்டும். இறுக்கமாக இருந்தால் காயமாகும், தளர்வாக இருந்தால் கழன்றுவிடும். அந்தப் பட்டையில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதற்குள்ளே பேட்டரியும் ரேடியோ அலைகளை அனுப்பும் கருவியும் இருக்கின்றன.

காட்டில் சிலர் மான் இறைச்சிக்காகக் கம்பியால் சுருக்கு வைப்பது உண்டு. மானுக்கு வைத்த சுருக்கில் காட்டுநாயும் மாட்டிக்கொள்ளும். அதனால் சில பட்டைகளில் உலோகத் தகடுகளைப் பதித்திருப்பார்கள். சுருக்குக் கம்பி இறுகினாலும் தொண்டையை அறுக்காமல் அந்தத் தகடு தடுக்கும். ஆக, இடத்தைக் காட்டும் பட்டையே உயிரைக் காக்கும் கவசமும் ஆகிறது.

மொட்டை மாடி ஆன்டெனா காட்டுக்குப் போகிறது

காட்டுநாய்கள் விடியற்காலையிலும் மாலையிலும் வேட்டையாடும். நடுப்பகலில் புதர் நிழலில் படுத்துவிட்டால் பத்தடி தூரத்தில் நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே தேடுகிறவர்கள் இருட்டு விலகும் முன்பே கிளம்பிவிடுவார்கள். கையில் ஒரு ரிசீவர், ஒரு ஆன்டெனா, ஒரு வரைபடம், ஒரு திசைகாட்டி.

அந்த ஆன்டெனாவைப் பார்த்தால் உங்கள் தாத்தா பாட்டி உடனே அடையாளம் சொல்லிவிடுவார்கள். முன்பு வீட்டு மொட்டை மாடிகளில் டி.வி.க்காக நட்டு வைத்திருந்தார்களே, குறுக்குக் கம்பிகள் வைத்தது, அதே வகைதான். பெயர் யாகி-உடா ஆன்டெனா. 1926-இல் ஜப்பானில் ஷிண்டாரோ உடா, ஹிடெட்சுகு யாகி என்ற இருவர் உருவாக்கியது.

இதன் கம்பிகள் ஏன் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம்? ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ரேடியோ அலை ஒரு நொடியில் 30 கோடி மீட்டர் போகும். பட்டை அனுப்பும் அலை 150 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது ஒரு நொடிக்கு 15 கோடி அதிர்வுகள். 30 கோடியை 15 கோடியால் வகுத்தால் 2. ஓர் அலையின் நீளம் 2 மீட்டர். கம்பியின் நீளம் அலைநீளத்தில் பாதி அளவுக்கு இருந்தால் அலையை நன்றாகப் பிடிக்கும். பாதி என்றால் 1 மீட்டர்!

இப்போது தேடல் தொடங்குகிறது. மேடான இடத்தில் ஜீப்பை நிறுத்தி, ஆன்டெனாவை உயர்த்திப் பிடித்து மெல்லச் சுற்றுவார்கள். ரிசீவரில் ‘பீப்... பீப்...’ என்று சத்தம் வரும். பட்டை இருக்கும் திசைக்கு நேராக ஆன்டெனா திரும்பும்போது சத்தம் பலமாகும். அந்தத் திசையைத் திசைகாட்டியில் பார்த்து, வரைபடத்தில் நிற்கும் இடத்திலிருந்து ஒரு கோடு போடுவார்கள். நாய்கள் அந்தக் கோட்டில் எங்கோ இருக்கின்றன. எவ்வளவு தூரத்தில் என்று இன்னும் தெரியாது.

ஜீப் வேறு இடத்துக்குப் போகும். மறுபடியும் சுற்றல், மறுபடியும் ஒரு கோடு. இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் நாய்கள் இருக்க வேண்டும். மூன்றாவது கோடும் போட்டுச் சரிபார்ப்பார்கள். ஏனென்றால் பாறை மலையில் மோதித் திரும்பி வரும் அலை, இல்லாத திசையைக் காட்டி ஏமாற்றிவிடும்.

செயற்கைக்கோள் வழியாக இடத்தைச் சொல்லும் ஜி.பி.எஸ். பட்டைகளும் இப்போது வந்துவிட்டன. ஆனாலும் ஆன்டெனாவோடு நேரில் போகும் வேலை குறையவில்லை. பட்டை போட்ட ஒரு நாய் எங்கே என்றுதான் செயற்கைக்கோள் சொல்லும். மற்ற பத்தொன்பதும் உயிரோடு இருக்கின்றனவா என்று அதற்குத் தெரியாது.

தலை எண்ணும் நேரம்

கூட்டத்தைக் கண்டதும் முதலில் எண்ணுவார்கள். நேற்று 14, இன்று 13 என்றால் யாரைக் காணவில்லை? இங்கேதான் உடம்பில் இருக்கும் நிறத்திட்டுகள் கைகொடுக்கின்றன. ஒரு காட்டுநாய்க்கு இருப்பது போல இன்னொன்றுக்கு இருக்காது. ஒரே நாயின் இடப்பக்கமும் வலப்பக்கமும் கூட வேறு வேறாக இருக்கும். அதனால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும் புகைப்படம் எடுத்து அட்டவணையாக வைத்திருப்பார்கள். காதில் கிழிசல் இருந்தால் அதையும் குறித்துக்கொள்வார்கள்.

காணாமல் போனது எதுவென்று தெரிந்தால் அடுத்த வேலை சுலபம். அது சுருக்கில் மாட்டியிருக்கலாம், சிங்கத்திடம் சிக்கியிருக்கலாம். உடனே காவலர்கள் தேடிப் போவார்கள். கழுத்தில் கம்பியோடு ஒரு நாய் ஓடிக்கொண்டிருந்தால், மருத்துவர் வந்து மயக்க ஊசி போட்டு, கம்பியை வெட்டி எடுத்துவிடுவார்.

நாள்தோறும் குறித்து வைக்கும் இடங்களும் செய்தி சொல்லும். பல கிலோமீட்டர் சுற்றிவிட்டுக் கூட்டம் தினமும் ஒரே இடத்துக்குத் திரும்புகிறதா? அங்கே குட்டிகள் பிறந்திருக்கின்றன என்று பொருள். பெரும்பாலும் தலைமை ஜோடிக்கு மட்டுமே குட்டி பிறக்கும். ஒரே ஈற்றில் பத்துக் குட்டிகள் கூடப் பிறப்பது உண்டு. ஆர்ட்வார்க் என்ற விலங்கு தோண்டிவிட்டுப் போன பழைய வளைதான் பிரசவ அறை. மற்ற நாய்கள் வேட்டையாடித் தின்று வந்து, வளை வாசலில் இறைச்சியைக் கக்கித் தாய்க்கும் குட்டிகளுக்கும் ஊட்டும். குட்டிகள் வளர்ந்து வேட்டைக்கு உடன் போகத் தொடங்கியதும் முதல் பந்தி அவற்றுக்குத்தான். பெரியவை காத்து நிற்கும்.

தும்மினால் ஓட்டு!

இப்படிப் பின்தொடர்ந்து போனவர்கள் ஒரு வேடிக்கையையும் கண்டுபிடித்தார்கள். போட்ஸ்வானா நாட்டின் ஒக்கவாங்கோ பகுதியில் செய்த ஆய்வு, 2017-இல் வெளியானது. தூங்கி எழுந்த நாய்கள் வேட்டைக்குக் கிளம்பலாமா வேண்டாமா என்று கூடும்போது அடிக்கடி தும்முகின்றன. தும்மல்கள் எவ்வளவு அதிகமோ, கிளம்பும் வாய்ப்பும் அவ்வளவு அதிகம். தலைமை நாய் அழைத்தால் மூன்று தும்மல் போதும். சாதாரண நாய் அழைத்தால் பத்துத் தும்மலாவது வேண்டும். காட்டுக்குள்ளே ஒரு வாக்கெடுப்பு!

வேலியும் புதுக் குடும்பமும்

வளர்ந்த அண்ணன் தம்பிகளோ அக்கா தங்கைகளோ ஒரு கட்டத்தில் சேர்ந்தே கூட்டத்தை விட்டுக் கிளம்பும். வேறு கூட்டத்திலிருந்து வந்தவற்றோடு சேர்ந்து புதுக் குடும்பம் அமைக்கும். ஆனால் தென்னாப்பிரிக்காவின் பல காப்பகங்களைச் சுற்றி வேலி இருக்கிறது. வெளியே போனால் சாலை, பண்ணை, துப்பாக்கி. உள்ளேயே இருந்தால் சொந்தத்துக்குள்ளேயே ஜோடி சேர்ந்து குட்டிகள் பலவீனமாகும். எனவே 1998 முதல் மனிதர்களே அவற்றை ஒரு காப்பகத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோய் விடுகிறார்கள். எந்தெந்த நாய் பிரியத் தயாராகிவிட்டது என்பது தினசரிக் குறிப்புகளில் தெரியும்.

முன்பின் தெரியாத நாய்களை ஒரே கூண்டில் விட்டால் சண்டை வராதா? அதற்கும் ஓர் உத்தி வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் மயக்கிவிட்டு, ஒன்றின் உடம்பை இன்னொன்றின் உடம்பில் நன்றாகத் தேய்ப்பார்கள். பிறகு பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைப்பார்கள். விழித்துப் பார்த்தால் எல்லார் மேலும் ஒரே வாசனை! உறவு தொடங்கிவிடும். சில வாரங்கள் அடைப்புக்குள் ஒன்றாகப் பழகிய பிறகு கதவைத் திறந்துவிடுவார்கள்.

மொசாம்பிக் நாட்டின் கொரொங்கோசா தேசியப் பூங்காவில் நீண்ட உள்நாட்டுப் போருக்குப் பிறகு காட்டுநாயே இல்லாமல் போயிருந்தது. 2018-இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து 14 காட்டுநாய்களை அங்கே கொண்டுபோனார்கள். அவை அங்கே குட்டிகள் போட்டுப் பெருகியிருக்கின்றன.

செய்து பாருங்கள்

இரண்டு கோடுகளை வைத்து இடம் கண்டுபிடிக்கும் முறையை நீங்களும் பள்ளி மைதானத்தில் செய்யலாம். ஒரு நண்பர் மைதானத்தில் ஏதாவது ஓரிடத்தில் நின்று, விட்டுவிட்டு மணி அடிக்கட்டும். இன்னும் இரண்டு பேர் தூரத்தில் தள்ளித் தள்ளி நின்று, கண்ணைக் கட்டிக்கொண்டு, சத்தம் வரும் திசையில் கையை நீட்டட்டும். ஒவ்வொருவர் கை காட்டும் திசையிலும் தரையில் ஒரு நீளமான கயிற்றைப் பிடியுங்கள். இரண்டு கயிறுகளும் வெட்டும் இடத்துக்கும் மணி அடித்தவருக்கும் எத்தனை அடி தூரம் என்று அளந்து பாருங்கள். பிறகு சுவருக்குப் பக்கத்தில் நின்று மணி அடிக்கச் சொல்லி மறுபடியும் அளவெடுங்கள். எதிரொலி உங்களை எத்தனை அடி ஏமாற்றியது என்று எங்களுக்கு எழுதி அனுப்புங்கள்!