உங்களுக்குத் தெரியுமா? கடல் கடந்த தப்பு

பாலக்காட்டின் சித்தூர் வட்டாரத் தமிழருக்கும் இடுக்கியின் மூணாறு தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்கும் நன்கு பழகிய தப்பு, அதாவது வட்டச் சட்டத்தில் தோலை இழுத்துக் கட்டிய பறை, கரீபியன் பகுதியிலும் இன்றுவரை ஒலித்துவருகிறது. அடிமைமுறை ஒழிந்தபின் ஆப்பிரிக்கர் உழைத்த அதே கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய தமிழர், 1853 முதல் மார்த்தினிக் தீவில் குடியேறியபோது, மாரியம்மனையும் அவளுக்குரிய தாளத்தையும் உடன்கொண்டு சென்றனர். அன்னை அங்கே ‘மாலியெமென்’ எனத் திரிந்தாள். தப்போ ஏறத்தாழ அதே பெயரில் நிலைத்தது என்பது வியப்புக்குரியது. கயானாவின் காளி கோயில்களில், ஆப்பிரிக்க வம்சாவளியினரும் வந்து வணங்கும் பூசைகளின்போது, தீயில் காய்ச்சித் தோலை விறைப்பாக்கி, இரு குச்சிகளால் தப்பை முழக்குகின்றனர்.