பத்துமலைக் குகையைத் தோண்டியது யார்?

தைப்பூசத்துக்குப் பத்துமலை ஏறாத மாணவர் நம் வகுப்பில் குறைவு. 272 படி ஏறி, மூச்சு வாங்க நின்று, அண்ணாந்து பார்த்தால் அவ்வளவு பெரிய குகை! "இதைத் தோண்டியது யார்?" என்று வகுப்பில் கேட்டுப் பாருங்க. "மழை அரிச்சிருச்சு சார்" என்றுதான் பதில் வரும். தேர்வுத் தாளிலும் அப்படியே எழுதிவிடுகிறார்கள். மதிப்பெண் போவது அங்கேதான்.

பத்துமலை ஒரு சுண்ணாம்புப் பாறை. ஏறக்குறைய 40 கோடி ஆண்டுகளுக்கு முன் இவ்விடம் ஆழமில்லாத கடல். கடல் உயிர்களின் ஓடுகளும் சுண்ணாம்புச் சேறும் அடியில் படிந்து, அழுந்தி, இறுகிப் பாறையாயின. பிறகு நிலம் மேலெழுந்தது. ஆகவே இது படிவுப் பாறை. (வெப்பமும் அழுத்தமும் பட்டுச் சில பகுதிகள் பளிங்காகவும் மாறியுள்ளன.)

இனி மழைக்கு வருவோம். மழைநீர் காற்றிலிருந்து கொஞ்சமும், வேர்களும் மக்கும் இலைகளும் நிறைந்த மண்ணிலிருந்து அதைவிட அதிகமாகவும் கரியமில வாயுவை எடுத்துக்கொள்கிறது. அதனால் அது மெல்லிய கார்பானிக் அமிலமாகிறது. அந்த நீர் பாறை விரிசல்களில் இறங்கும்போது கால்சியம் கார்பனேட், கால்சியம் பைகார்பனேட்டாக மாறி நீரோடு போய்விடுகிறது. விரிசல் பொந்தாகி, பொந்து குகையாகிறது. கூரை மெலிந்தால் இடிந்தும் விழும். பத்துமலைக்குள் வானம் தெரிகிறதே, அது அப்படி வந்ததுதான்.

இதற்குப் பெயர் இரசாயனச் சிதைவு. பாறை இருந்த இடத்திலேயே உடைந்தாலோ கரைந்தாலோ அது சிதைவு. நீரோ காற்றோ துகள்களைப் பெயர்த்து எடுத்துப் போனால்தான் அரிப்பு. இரண்டையும் ஒன்றாக எழுதாதீங்க.

வகுப்பில் செய்து காட்டலாம். முட்டை ஓட்டை வினிகரில் போட்டால் குமிழ் வரும். சாக்கட்டியை நம்பாதீங்க, இன்றைய சாக்கட்டி பலவும் ஜிப்சம், பொங்காது. ஆசிரியர் அசடு வழிய வேண்டியிருக்கும்!

குகைக் கூரையில் விழுதுபோல் தொங்குபவை ஸ்டாலக்டைட். தரையிலிருந்து எழுபவை ஸ்டாலக்மைட். "நீர் ஆவியாகி உருவானது" என்று பலர் எழுதுகிறார்கள். முக்கியக் காரணம் அதுவல்ல. குகைக்குள் சொட்டும் நீரிலிருந்து கரியமில வாயு வெளியேறுகிறது. அதனால் கரைந்திருந்த சுண்ணாம்பு மறுபடி படிகிறது. கரைத்த அதே வினை, தலைகீழாக!

சூடும் கனமழையும் அடர்ந்த தாவரமும் உள்ள நம் நாட்டில் இந்த வேலை சுறுசுறுப்பாக நடக்கிறது. மலையில் மட்டுமல்ல, கோலாலம்பூரின் பெரும்பகுதிக்கு அடியிலும் இதே சுண்ணாம்புப் பாறை உண்டு, குழிகளும் பொந்துகளுமாக. பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்துக்கு முதலில் குறித்த இடத்தை ஆராய்ந்தபோது, ஒரு பாதியின் அடியில் சிதைந்த சுண்ணாம்புப் பாறை இருப்பது தெரிந்தது. கட்டட இடத்தையே ஏறக்குறைய 60 மீட்டர் நகர்த்தினார்கள். அதன் பிறகும் 60 முதல் 114 மீட்டர் ஆழம் வரை கான்கிரீட் தூண்களை இறக்கித்தான் கோபுரங்களை எழுப்பினார்கள்.