பட்டன் அமுங்குகிறது, கதவு திறக்கவில்லை

ரிமோட் வேலை செய்யவில்லை என்று சாவியை நீட்டுகிறவரிடம் தொழில் தெரிந்த சாவிக்காரர் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: “வண்டி ஸ்டார்ட் ஆகுதா சார்?” ஆகிறது என்றால் பெரும்பாலும் கையோடு முடிந்துவிடுகிற வேலை. ஆகவில்லை என்றால் நேரமும் பணமும் இழுக்கும்.

இந்தக் கேள்வியைக் கேட்காமலேயே “ரிமோட் போயிடுச்சு, புதுச் சாவிதான் போடணும்” என்று சொல்லிவிடுகிற இடங்கள் நிறைய. புதுச் சாவி, தகடு வெட்டும் கூலி, புரோகிராமிங் என்று பில் ஆயிரக்கணக்கில் ஏறும். உள்ளே செத்திருப்பதோ சில ரூபாய் பெறுமானமுள்ள ஒரு சுவிட்சாக இருக்கலாம். எது செத்தது என்று பார்க்காமல் முழுச் சாவியையும் தூக்கிப்போடுவது நியாயமில்லை என்பதுதான் என் கட்சி.

கார் சாவி ஒன்று, அது பார்க்கும் வேலை மூன்று. பூட்டைத் திருப்புகிற உலோகத் தகடு முதலாவது. தூரத்திலிருந்து கதவைத் திறக்கிற ரேடியோ ரிமோட் இரண்டாவது. காரை ரிமோட்டால் திறக்கும் வரலாறு, பிரான்ஸின் ரெனோ நிறுவனம் 1982-ல் ஃபுவேகோ காரில் கொடுத்த வசதியிலிருந்து தொடங்கியது. மூன்றாவது, இருப்பதே பலருக்குத் தெரியாத டிரான்ஸ்பாண்டர் சிப். கார் திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசரின் ஒரு பாதி காரில் இருக்கிறது, மறுபாதி இந்தச் சிப். ஐரோப்பாவில் 1998-ல் புதிய கார்களுக்கு இம்மொபிலைசர் கட்டாயமானது. இப்போது நம் ஊரில் ஓடும் சின்னக் கார்களில்கூட அது சர்வசாதாரணம்.

சாவி போட்டுத் திருப்புகிற கார்களில் இந்தச் சிப்புக்குப் பேட்டரி தேவையில்லை. சாவித் துவாரத்தைச் சுற்றி ஒரு காயில் பொருத்தியிருப்பார்கள். இக்னிஷனைப் போட்டதும் அது சுமார் 125 கிலோஹெர்ட்ஸில் ஒரு காந்தப் புலத்தை எழுப்பும். சிப் தனக்கு வேண்டிய மின்சாரத்தை அந்தப் புலத்திலிருந்தே எடுத்துக்கொண்டு தன் அடையாளத்தைத் திருப்பிச் சொல்லும். பதில் சரியாக இருந்தால்தான் இன்ஜின் ஓடும். அதனால்தான் ரிமோட் பேட்டரி அடியோடு தீர்ந்த பிறகும் தகட்டால் கதவைத் திறந்து வண்டியை ஓட்டிக்கொண்டு போக முடிகிறது. தகட்டால் திறக்கும்போது அலாரம் கத்தினால் பதற வேண்டாம். சரியான சாவியோடு இக்னிஷனைப் போட்டதும் பெரும்பாலான கார்களில் அது அடங்கிவிடும்.

பட்டனை அழுத்தி ஸ்டார்ட் செய்கிற கார்களிலும் இதே ஏற்பாடு ஒளிந்திருக்கிறது. ஸ்மார்ட் சாவியின் ஓரத்தில் சின்னத் தாழ்ப்பாள் ஒன்று இருக்கும். அதைத் தள்ளி இழுத்தால் உள்ளிருந்து ஒரு தகடு வரும். ஓட்டுநர் பக்கக் கைப்பிடியில் அதற்கான துவாரம் இருக்கும், சில மாடல்களில் ஒரு மூடிக்குப் பின்னால். உள்ளே ஏறி, பிரேக்கை மிதித்தபடி சாவியை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்து அழுத்தினால் பல கார்கள் கிளம்பிவிடும். சில கார்களில் அந்த இடம் கப் ஹோல்டரிலோ ஸ்டீயரிங் தண்டின் பக்கத்திலோ இருக்கும். உங்கள் காரில் எங்கே என்று உரிமையாளர் கையேட்டைப் புரட்டி இன்றைக்கே பார்த்து வையுங்கள். நள்ளிரவில் நெடுஞ்சாலை ஓரத்தில் தேடுகிற விஷயமில்லை இது.

முதலில் மறு சாவி

சாவியைத் திறக்கும் முன் செய்யவேண்டியது, வீட்டு பீரோவில் தூங்குகிற இரண்டாவது சாவியை எடுத்து வந்து அழுத்திப் பார்ப்பது. அது வேலை செய்தால் கோளாறு முதல் சாவியில். இரண்டுமே செய்யவில்லை என்றால் காரைச் சந்தேகிக்க வேண்டும். கார் பேட்டரி இறங்கியிருக்கலாம், சென்ட்ரல் லாக்கின் ஃபியூஸ் போயிருக்கலாம்.

இடத்தின் கோளாறாகவும் இருக்கலாம். இந்தியாவில் ஓடும் கார் ரிமோட்டுகள் பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸில் பேசுகின்றன. கேட் ரிமோட், கம்பியில்லா அழைப்பு மணி, டயர் காற்றழுத்தத்தைச் சொல்கிற சென்சார் என எத்தனையோ பொருள்கள் அதே வட்டாரத்தில்தான் பேசுகின்றன. பக்கத்தில் ஏதாவதொரு கருவி பழுதாகி ஓயாமல் அலையை அனுப்பிக்கொண்டிருந்தால், அந்த இடத்தில் நிற்கிற கார்களின் காது அடைத்துவிடும். வண்டியை வேறு தெருவுக்குக் கொண்டுபோய் அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். வீட்டு வாசலில் மட்டும் மக்கர் செய்கிற ரிமோட்டுக்காகச் சாவியைப் பிரிக்க வேண்டியதில்லை.

அடுத்தது பேட்டரி. முன்பெல்லாம் மாடிப்படியில் இறங்கும்போதே திறந்த கார், இப்போது கதவருகில் போனால்தான் திறக்கிறதா? பேட்டரி இறங்குகிறது. சாவிகளில் அதிகம் வருவது சிஆர்2032. அந்த எண்ணிலேயே அளவு இருக்கிறது: விட்டம் 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2 மில்லிமீட்டர். 2025 என்றால் தடிமன் 2.5, 1620 என்றால் விட்டம் 16, தடிமன் 2. எல்லாமே 3 வோல்ட்தான் என்று கடைக்காரர் 2032-க்குப் பதில் 2025-ஐக் கொடுத்தால் வாங்காதீர்கள். மெலிந்த செல் கிளிப்பில் இறுகாமல் ஆடும், ரிமோட் நினைத்தபோது வேலை செய்யும், நினைத்தபோது நிற்கும். எல்ஐஆர்2032 என்று ஒன்று உண்டு. ரீசார்ஜ் ஆகிற வகை, வோல்டேஜும் அதிகம். சாதாரண சாவிக்கு அது ஆகாது. எதிர்ப்பக்க விதிவிலக்காக, பழைய பிஎம்டபிள்யூ இ46 கார்களின் சாவியில் விஎல்2020 என்ற ரீசார்ஜ் செல்லைப் பலகையோடு பற்ற வைத்திருப்பார்கள். இக்னிஷனில் சாவி இருக்கும்போது அது தானாகச் சார்ஜ் ஆகும். அதில் சாதாரண செல்லைப் போடக்கூடாது.

மல்டிமீட்டரில் 3 வோல்ட் காட்டுகிறது, ஆகவே பேட்டரி நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டுகிறவர்கள் அதிகம். சும்மா இருக்கும்போது தேய்ந்த செல்லும் கிட்டத்தட்ட 3 வோல்ட் காட்டும். ரிமோட் அலையை அனுப்பும் அந்த நொடியில்தான் அதன் வண்டவாளம் வெளியே வரும். பட்டனை அழுத்திக்கொண்டே அளந்து பாருங்கள். அப்போது சடாரென்று கீழே விழுந்தால் செல் தீர்ந்தது என்று அர்த்தம்.

புதுச் செல் போட்டும் பலனில்லை என்றால் கிளிப்பைக் கவனியுங்கள். செல்லைத் தொடும் தகரம் தட்டையாகிப் போயிருக்கும். ஊக்கால் மெல்ல நெம்பிவிட்டாலே பல சாவிகள் உயிர் பெற்றுவிடும். குழந்தைகள் வாயில் போடாமலிருக்க, சில நிறுவனங்கள் செல்லின் மேல் கசப்புப் பூச்சு தடவுகின்றன. அந்தப் பூச்சே சில கிளிப்புகளில் மின்தொடர்பைத் தடுக்கும். பூச்சில்லாத செல்லை மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். கழற்றிய பழைய செல்லை மேசையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். தீர்ந்துபோன செல்லும் குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் புண்ணாக்கிவிடக்கூடியது. விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

எந்தப் பட்டன் என்று கேளுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான். எந்தக் கருவியும் வேண்டாம். டிக்கி திறக்கும் பட்டனை அழுத்துங்கள். டிக்கி திறக்கிறது, அன்லாக் மட்டும் ஆகவில்லை என்றால் ஒரே நொடியில் அத்தனை சந்தேகமும் தீர்ந்துவிடுகிறது. பேட்டரி நலம், அலை போகிறது, கார் கேட்கிறது, ரகசியக் குறியீடு பொருந்துகிறது. கோளாறு பெரும்பாலும் அந்த ஒரு பட்டனில் மட்டும். நாள் முழுக்க நாம் அழுத்துவது லாக்கையும் அன்லாக்கையும்தான், ஆகவே தேய்வதும் அவைதான். இந்த நிலையில் யாராவது முழுச் சாவியை மாற்றச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

சாவியைப் பிரித்தால் ரப்பர் மேட்டுக்குக் கீழே பச்சைப் பலகை தெரியும். அதில் சின்னச் சதுரமாக, நடுவில் ஒரு குமிழோடு உட்கார்ந்திருப்பதுதான் டாக்ட் சுவிட்ச். ரப்பரை விலக்கிவிட்டு, பிளாஸ்டிக் குச்சியால் அந்தக் குமிழை நேராக அழுத்துங்கள். ‘டிக்’ என்று சுத்தமாகச் சத்தம் கேட்டு, கதவும் திறந்தால் சுவிட்ச் நன்றாக இருக்கிறது, மேலே இருக்கிற ரப்பர்தான் குழிந்துவிட்டது. சத்தம் மழுங்கிக் கேட்டால் சுவிட்ச் தேய்ந்திருக்கிறது. மூன்றாவதாக ஒன்று உண்டு. குமிழை அழுத்தும்போது சுவிட்ச் முழுவதுமே இம்மியளவு அசையும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் அதன் காலைச் சுற்றி ஈயத்தில் மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியிருக்கும். சுவிட்சில் குறையில்லை, பற்று விட்டிருக்கிறது. கூர்நுனி சால்டரிங் அயர்னால் கொஞ்சம் ஃபிளக்ஸ் தடவித் தொட்டு எடுத்தால் போதும். அதற்கு முன் செல்லைக் கழற்றிவிட வேண்டும்.

சுவிட்சையே மாற்றுவதென்றால் சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட் இருக்கிறது. பழைய சுவிட்சைக் கையில் எடுத்துக்கொண்டு போவது நல்லது. நீள அகலம் சரியாக இருந்தும் குமிழின் உயரம் கொஞ்சம் கூடிப்போனால், மூடியைப் போட்டதும் பட்டன் நிரந்தரமாக அமுங்கியே கிடக்கும். புதிதாகப் போட்ட செல் சில நாளிலேயே தீர்ந்துபோகிறது என்று புலம்புகிறவர்களின் சாவியில் பல சமயம் இதுதான் நடக்கிறது. இந்த வேலையில் கை நடுங்கக்கூடாது. அதிகச் சூட்டில் பலகையின் செம்புத் தடம் பிய்ந்து வந்துவிடும். பழக்கமில்லாதவர்கள் மொபைல் ரிப்பேர் கடையில் கொடுத்தால் நிமிடங்களில் செய்துதருவார்கள். போன் பலகையில் வேலை பார்க்கிற கைக்கு இது பெரிய விஷயமே இல்லை.

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். ஆயுத பூஜைக்குச் சாவிக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிற வீடுகளில், ரப்பர் கிழிந்த பழைய சாவியாக இருந்தால் பட்டனில் வைக்காமல் தகட்டில் வையுங்கள். குழைத்த சந்தனம் கிழிசல் வழியாக இறங்கி, காய்ந்த பின் சுவிட்சைச் சுற்றிக் கட்டிப்போகும். பேன்ட் பாக்கெட்டோடு வாஷிங் மெஷினுக்குள் போன சாவி என்றால், வேலை செய்கிறதா என்று அழுத்திப் பார்ப்பதுதான் செய்யக்கூடாத முதல் காரியம். ஈரத்தில் மின்சாரம் பாய்ந்தால்தான் அரிப்பு வேகமாகப் பிடிக்கும். உடனே பிரித்து செல்லை எடுத்துவிட வேண்டும். பலகையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் மென்மையான பிரஷ்ஷால் கழுவி, ஒரு நாள் காற்றாட உலர்த்த வேண்டும். அரிசி டப்பாவில் புதைத்து வைப்பதால் ஒரு பயனும் இல்லை. பலகையில் படிந்த சோப்பையும் உப்பையும் அரிசி எடுத்துவிடாது.

கீழே விழுந்த பிறகு எந்தப் பட்டனுமே வேலை செய்யவில்லை, செல்லும் கிளிப்பும் சரி என்றால், அலைவரிசையைப் பிடித்து வைக்கிற ரெசனேட்டர் உடைந்திருக்கலாம். அலை வருகிறதா, எந்த எண்ணில் வருகிறது என்று காட்டுகிற சின்னக் கருவி நல்ல சாவிக்கடைகளில் இருக்கும். சாவியை அதன் அருகில் வைத்து அழுத்தினால் திரையில் எண் தோன்றும். எண் வராவிட்டால் கோளாறு பலகையில்.

எண் வருகிறது, ஆனாலும் கார் மசியவில்லை என்றால் ஒத்திசைவு தவறியிருக்கலாம். ஒவ்வோர் அழுத்தலுக்கும் ரிமோட் ஒரு புதிய குறியீட்டை அனுப்புகிறது. ஒருமுறை அனுப்பியதைத் திருடன் பதிவுசெய்து திரும்ப ஒலிபரப்பினால் கார் ஏற்காமலிருக்க இந்த ஏற்பாடு. தென்னாப்பிரிக்காவில் 1980-களில் உருவாகி, 1995-ல் அமெரிக்காவின் மைக்ரோசிப் நிறுவனம் வாங்கிய கீலாக் இதில் பேர்போனது. சாவியிலும் காரிலும் ஒரு கணக்கு எண் ஏறிக்கொண்டே போகும். குழந்தை சாவியை வைத்து விளையாடிப் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தால் சாவியின் கணக்கு முன்னே ஓடிவிடும். கீலாக்கின் வழக்கமான அமைப்பில் 16 வரை தாண்டியிருந்தால் கார் தானாகச் சமாளிக்கும். அதற்கு மேல் என்றால் அடுத்தடுத்து இருமுறை அழுத்தினால் ஒப்புக்கொள்ளும். மற்ற அமைப்புகளில் முறை வேறு. இக்னிஷனில் சாவியைத் திருப்பிப் பட்டனை அழுத்துவது போன்ற வழி கையேட்டில் இருக்கும்.

கூடு உடைந்துபோய் புதுக் கூடு மாற்றுகிறவர்கள் சிப்பை மறந்துவிடுகிறார்கள். பல சாவிகளில் டிரான்ஸ்பாண்டர் சிப் பலகையில் இருக்காது. கூட்டின் ஒரு மூலையில், அரிசி மணி போன்ற கண்ணாடிக் குப்பியாகவோ கறுப்புத் துண்டாகவோ தனியாகச் செருகியிருக்கும். பலகையையும் செல்லையும் மாற்றிவிட்டுப் பழைய கூட்டைக் குப்பையில் போட்டால் சிப்பும் அதோடு போய்விடும். கதவு திறக்கும், வண்டி கிளம்பாது. கார் ஒருமுறை கிளம்பி ஓடுகிறவரை பழைய கூட்டைத் தூக்கியெறியவே கூடாது.

இவ்வளவும் பார்த்த பிறகும் சரியாகாத சாவிகள் உண்டு, அவற்றுக்குப் புதுச் சாவி வாங்கத்தான் வேண்டும். ஆனால் எந்தப் பாகம் போனது என்று சொல்லாமல் பில் போடுவதை நாம் ஏற்கக்கூடாது. மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு தளத்தைத் தொடங்கியது. அதில் வாகனங்களும் ஒரு பிரிவு. கார் இன்ஷூரன்ஸில் சாவி மாற்றும் செலவுக்கென்று தனி இணைப்பு இருக்கிறது, புதுப்பிக்கும்போது கேட்டுப் பாருங்கள்.

பழைய கார் வாங்குகிறவர்கள் இரண்டு சாவியையும், சாவி எண் பொறித்த சின்னத் தகட்டையும் கேட்டு வாங்குங்கள். இரண்டு சாவியிலும் ஸ்டார்ட் செய்து, எல்லாப் பட்டனையும் அழுத்திப் பாருங்கள். ஒரு சாவிதான் இருக்கிறது என்றால் விலையில் அதைக் கழியுங்கள். பிறகு சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரைப் போட்டு, இந்த வண்டியில் எத்தனை சாவி பதிவாகியிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் கையில் இருப்பதைவிட அதிகமாகக் காட்டினால், மற்றவற்றை அன்றைக்கே அழித்துவிடச் சொல்லுங்கள்.