கிராமத்து வெஸ்லியன் கோயில்கள்

ரமணாசிரமத்துக்கு வரும் யாத்திரிகர்கள் மலையேறி ஸ்கந்தாசிரமத்தையும் தரிசித்துப் போகிறார்கள். 217 அடி உயரமுள்ள ராஜகோபுரத்தின் முன் அச்சிறு இல்லம் எம்மாத்திரம்? எனினும் 1916 முதல் 1922 வரை மகரிஷி அங்கு வசித்தார் என்பதால் அதன் மண்ணும் நமக்கு அருமையாயிற்று. இதே நியாயத்தை அயல் மதத்தாரின் கட்டடங்களுக்கு வழங்க மட்டும் நாம் தயங்குகிறோம்.

1817-இல் ஜேம்ஸ் லிஞ்ச் பாதிரியார் சென்னையில் தொடங்கிய வெஸ்லியன் மெதடிஸ்டு மிஷன், அந்நூற்றாண்டின் கடைசியில் வில்லியம் கௌடி பாதிரியாரின் முயற்சியால் திருவள்ளூரை அடுத்த ஈக்காட்டைச் சுற்றிய சேரிகளில் பரவிற்று. சேரிக் கோயில் பெரும்பாலும் ஒரே அறைதான். ஞாயிறன்று ஜபம், மற்ற நாட்களில் பள்ளிக்கூடம். அக்காலத்துச் செங்கற்பட்டு ஜில்லாவில் பண்ணையாள் குடியிருந்த மனையும் மிராசுதாருடையதென்றே வாதிக்கப்பட்டது. எதிர்த்து நின்றவன் குடிசையை இழப்பான். 1891-இல் கலெக்டர் திரமென்ஹீர் சர்க்காருக்கு எழுதிய அறிக்கை இவ்வநீதியை விவரிக்கிறது. பஞ்சமி நிலம் என்று இன்றும் வழக்காடப்படுவது, மறுவருஷத்து உத்தரவில் பிறந்ததே. சேரியில் மிஷன் ஒரு மனை வாங்குவதற்கே எதிர்ப்பிருந்த நாட்கள் அவை.

"மதம் மாற்றக் கட்டியதை நாம் ஏன் காக்க வேண்டும்?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. மதமாற்றத்தைப் பற்றி அவர்களோடு இங்கு வழக்காட வரவில்லை. ஊர்ப் பள்ளியின் திண்ணை மறுக்கப்பட்ட பிள்ளை அகரம் எழுதிய இடம் எது என்பதே நம் கேள்வி. அவ்விடம் நம் வெட்கத்துக்கும் சாட்சியாக நிற்பதால்தான் சிலர் கண்ணை உறுத்துகிறதோ என்னவோ!

புராதனச் சின்னம் என்பதற்கு 1958-ஆம் வருஷத்துச் சட்டம் கூறும் இலக்கணம் கவனிக்கத்தக்கது. சரித்திரம், தொல்பொருள், கலை ஆகியவற்றுள் ஒன்றில் மதிப்பும், நூறு வயதும் இருத்தல் வேண்டும். அழகு கட்டாயமன்று. ஆனால் தேசிய முக்கியத்துவமுடையதென்று சர்க்கார் அறிவித்தாலன்றிக் காவல் கிட்டாது. சேரிக் கோயிலுக்கு அவ்வறிவிப்பை எதிர்பார்த்துக் காத்திருப்பது வீண்.

1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபை உதயமானபோது வெஸ்லியன் சபையாரும் அதில் கலந்தனர். ஆகவே சபையாரிடமே நம் விண்ணப்பம். ஜனம் பெருகினால் பெரிய கோயில் வேண்டியதுதான். அதைப் பக்கத்தில் எழுப்பட்டும். பழையதை வாசகசாலையாக்கலாம். சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்டு பூசலாகாது. ஈரம் உள்ளே தங்கிச் செங்கல் உதிரும். ஞானஸ்நானப் புத்தகங்களையும் கரையானுக்கு விடாமல் எடுத்து வைக்க வேண்டும். மனைக்குப் பட்டாவில்லாதிருந்த குடும்பங்களின் பெயர்கள் அவற்றில் உள்ளன.