மாணவர் நகமும் பங்கசு நோயும்

காலைக்கூட்டம் முடிந்தபின் மாணவரைக் கைந்நீட்டச் செய்து நகம் பார்த்தல் ஆசிரியர்களின் பழைய கடமைகளுள் ஒன்று. அழுக்கிருப்பின் கண்டித்தலும் அதனோடு சேர்ந்ததே. சில ஆண்டுகளுக்கு முன், கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் சிறுவன் ஒருவனை யான் இவ்வாறு கண்டித்தேன். அவனது வலக்கைப் பெருவிரல் நகம் மஞ்சள் நிறமாய்த் தடித்து, நுனியிற் பொடிந்திருந்தது. அழுக்கென்றே கருதினேன். மறுநாள் முதல், எழுதும் வேளையொழிய, அக்கையைக் காற்சட்டைப் பையினுள்ளேயே வைத்திருந்தான். சில வாரங்களின் பின் அவன் தாயார் வைத்தியரின் துண்டோடு வந்தபோதுதான் அது நோயென்று தெரிந்தது. நகத்தைச் சீமெந்துத் தரையிலே தேய்த்துத் தேய்த்துப் பிள்ளை இரத்தம் வரச் செய்திருந்தான் என்பதும் அன்றே தெரிந்தது.

மழைக்காலத்திற் பாணிலும் தோற்பொருளிலும் படரும் பூஞ்சணத்தின் இனத்ததே இந்நோயை விளைக்கும் பங்கசு. நகமும் மயிரும் மாட்டுக்கொம்பும் கெரற்றின் என்னும் புரதத்தாலானவை. அதனையே இப்பங்கசு உணவாகக் கொள்ளும். நம் பாட்டிமார் இதனை நகச்சொத்தை என்பர். நகச்சுற்று என்பது வேறு. அது நகத்தைச் சுற்றிய சதை வீங்கி நோவது, பெரும்பாலும் பற்றீரியாவால் வருவது. விரல் சூப்பும் குழந்தைகளுக்குக் கன்டிடா என்னும் மதுவ இனமும் அவ்விடத்தைப் பற்றுவதுண்டு.

இந்நோய்க்கும் நம் நகருக்கும் ஓர் எதிர்பாராத தொடர்புண்டு. 1903 முதல் 1915 வரை கொழும்பிலே பற்றீரியவியல் நிலையத்தை நடத்தியவர் அல்டோ கஸ்தெல்லானி என்னும் இத்தாலிய வைத்தியர். அவர் 1910இல், படர்தாமரை நோயாளரிடமிருந்து புதியதொரு பங்கசை வேறாக்கி விவரித்தார். வளர்ப்பிலே செந்நிறங் காட்டியமையால் அது ரூப்ரம் எனப் பெயர் பெற்றது. திரைக்கோபைற்றன் ரூப்ரம் என இன்று வழங்கும் அதுவே உலகெங்கும் நகச்சொத்தைக்கு முதற் காரணம். வெள்ளவத்தைக் கடற்காற்றின் ஈரத்தில் வாழும் நமக்கு இது வியப்பன்று.

பிள்ளைகளுக்கு இந்நோய் அரிது. அவர்தம் நகம் மெல்லியது, விரைந்து வளர்வது. பங்கசு ஊன்றுமுன் நகம் முன்னேறிவிடும். ஆதலின், பிள்ளைக்கு வந்ததெனின் வீட்டிலுள்ள பெரியோரின் பாதங்களையும் பார்த்தல் வேண்டும். நம் சிறுவனின் பாட்டனாருக்குக் கால்நகங்கள் பல்லாண்டுகளாகத் தடித்திருந்தனவாம், முதுமையென்றே விட்டிருந்தனர். நகவெட்டியோ வீடு முழுமைக்கும் ஒன்றே. மாடிவீடுகளில் எப்பொழுதும் ஈரமாயிருக்கும் குளியலறைத் தரையும், மாற்றி அணியும் செருப்பும், காயாத காலுறையோடு அணியும் சப்பாத்தும் இதற்குத் துணை.

நிறம் மாறிய நகமெல்லாம் பங்கசு அன்று. உதைபந்தாட்டத்திற் பட்ட அடியும், இறுகிய சப்பாத்தும், சொரியாசிஸ் என்னும் தோல்நோயும் இவ்வாறே தோன்றும். ஆதலின் களிம்பு பூசுமுன், நகத்தைச் சுரண்டி ஆய்வுகூடத்திற் சோதிப்பித்தல் முறை. பொற்றாசியம் ஐதரொட்சைட்டிலே ஊறவிட, பங்கசின் இழைகள் நுணுக்குக்காட்டியிற் புலப்படும். வளர்ப்புச் சோதனைக்கு நான்கு வாரம் வரை செல்லும். நகத்திற் பூசும் மருந்துண்டு; தெர்பினபைன் மாத்திரையும் உண்டு. மாத்திரையைப் பிள்ளையின் நிறையறிந்து வைத்தியரே அளவிடுவார். கைந்நகத்திற்கு ஆறு வாரம், கால்நகத்திற்குப் பன்னிரண்டு வாரம் என்பது வழக்கம். ஆயினும் மருந்து முடிந்த அன்றே நகம் அழகாகிவிடாது. கெட்ட பகுதி வளர்ந்து வெட்டுண்டுபோகக் கைந்நகத்திற்கு ஆறு மாதமளவும், கால்நகத்திற்கு ஓராண்டும் அதற்கு மேலும் ஆகலாம். பெற்றோர் பலர் மனந்தளர்ந்து மருந்தை நடுவில் நிறுத்துவதும், பின் மருந்தையே குறைகூறுவதும் இங்கேதான்.

அச்சிறுவனின் நகம் அடுத்த தவணைக்குள் அடியிலிருந்து தெளிந்து வரலாயிற்று. யான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை, சேர்" என்றான். கையை மட்டும் உடனே வெளியே எடுத்திலன். இப்பொழுதும் நகம் பார்க்கின்றேன். நிறம் மாறிய நகத்தைக் கண்டால் வகுப்பின்முன் ஒன்றுஞ் சொல்லாது, இடைவேளையிலே தனியே அழைத்துப் பெற்றோருக்கு ஒரு கடிதம் கொடுத்தனுப்புகின்றேன்.