பொன்மீன் தொட்டியும் ஒரு வீண்பழியும்

நோட்டன் பிரிட்ஜில் விடியற்காலம் மெல்லவே வருகிறது. கெஹெல்கமு ஓயாவை மறித்த நீர்த்தேக்கத்தின்மேல் மூடுபனி கலையும்வரை எதிர்மலையின் தேயிலை நிரைகள் கண்ணுக்குப் புலனாவதில்லை. அத்தகைய விடியற்காலம் ஒன்றிலேதான், என் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் நான்கு பொன்மீன்கள் வயிறு மேலாக மிதக்கக் கண்டேன். மீன்கள் இறந்தமை பெரிய செய்தியாகாது. அவற்றின் இறப்பை முன்னிட்டு ஒரு சிறுவன்மீது நான் சுமத்திய பழியை நினைந்தே இதனை எழுதுகிறேன்.

தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். விஞ்ஞானம் என் துறையன்று. விடுமுறைக்கு வந்த பேத்தியின் விருப்பத்துக்கு இணங்கி, ஹட்டனில் ஆறு பொன்மீன்களையும் நாற்பது லீற்றர் கொள்ளும் தொட்டி ஒன்றையும் வாங்கினோம். தூய்மை வேண்டுமென எண்ணி, அடியில் இடும் மணலைக் கொதிநீரில் அலசிப் பரப்பினேன். பீலித் தண்ணீரை வாளியிற் சுமந்து வந்து தொட்டியை நிரப்பியவன் பக்கத்துத் தோட்ட லயத்துச் சிறுவன். பத்தாந் தரத்தில் கற்பவன். மாலை வேளைகளில் என்னிடம் இலக்கணப் பாடம் கேட்க வருபவன்.

நான்கு நாள்கள் மீன்கள் துள்ளி விளையாடின. பேத்தி நாளுக்கு ஐந்து முறை உணவு தூவினாள்; நானும் தடுக்கவில்லை. ஐந்தாம் நாள் அவை நீரின் மேற்பரப்பில் நின்று வாயைத் திறந்து திறந்து மூடலாயின. ஆறாம் நாள் ஒன்று இறந்தது. அன்று மாலை வந்த நண்பர் ஒருவர், “மலைநீர் புளிப்பு நீர். கொஞ்சம் சுண்ணாம்பு போட்டால் சரியாகிவிடும்” என்றார். வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்டைக்காயளவு சுண்ணாம்பை எடுத்துக் கரைத்துத் தொட்டியில் ஊற்றினேன். மறுநாட் காலையில்தான் முன்னர்க் கூறிய காட்சி. எஞ்சியது ஒரே மீன்.

செய்தி கேட்ட அயலவர் ஒருவர், “அந்தப் பையனின் தகப்பன் மலையில் மருந்தடிக்கிறவன் அல்லவா? வாளியில் மருந்து ஒட்டியிருக்கும்” என்றார். நானும் நம்பினேன். நம்புவது எளிதாக இருந்தது என்பதே உண்மை. அன்று மாலை பாடத்துக்கு வந்தவனிடம், “தம்பி, இனி நீ தண்ணீர் கொண்டுவர வேண்டாம்” என்று கூறிக் காரணத்தையும் உரைத்தேன். அவன் மறுத்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. சிறிது நேரம் நின்றபின், “இருக்கிற மீனை எனக்குத் தாருங்கள் சேர். தொட்டித் தண்ணீரிலும் ஒரு போத்தல் வேண்டும்” என்று மட்டும் கேட்டான். கொடுத்தேன்.

அதன் பின்னர்ப் பத்து நாள்களாக அவன் இலக்கணத்துக்கு வரவில்லை. நான் தொட்டியைத் தேய்த்துக் கழுவி, மணலை மீண்டும் கொதிநீரில் அலசி, புது வாளியில் என் கையாலேயே நீர் சுமந்து நிரப்பி, மூன்று மீன்களை வாங்கி விட்டேன். முன்போலவே நான்கு நாள்கள் நலமாய் இருந்தன. ஐந்தாம் நாள் முன்போலவே வாய் திறந்து தவித்தன. இம்முறை வாளியைக் குறைசொல்ல வழியில்லை. என் நெஞ்சில் அன்றே ஒரு முள் தைத்தது.

பதினோராம் நாள் அவன் வந்தான். இரு கைகளிலும் இரு போத்தல்கள். ஒன்றில் என் பழைய தொட்டி நீர், மற்றொன்றில் பீலி நீர்.

“சேர், மருந்து தண்ணீரில் இருந்திருந்தால் முதல் நாளே மீன் துடித்திருக்க வேண்டும். நான்கு நாள் ஏன் பொறுத்திருந்தது? நீங்கள் தந்த மீன் எங்கள் வீட்டில் பெரிய பேசினில் இருக்கிறது. அதே பீலி, அதே வாளி. இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது.”

அவன் அத்துடன் நிற்கவில்லை. போத்தலைப் பெற்ற மறுநாளே பாடசாலை விஞ்ஞான ஆசிரியரிடம் சென்று நிறத்தாளில் சோதித்திருக்கிறான். பீலி நீரின் பீ.எச். மதிப்பு 6-க்கும் 7-க்கும் இடையே. தொட்டி நீரினதோ ஏறத்தாழ 9. பின்னர் இருவரும் ஹட்டனுக்குச் சென்றோம். மீன்கடைக்காரர் தம்மிடமிருந்த சோதனைத் துளிகளை இட்டுப் பார்த்தார். பீலி நீர் மஞ்சளாகவே நின்றது, அமோனியா இல்லை. தொட்டி நீர் கரும்பச்சையாயிற்று. நஞ்சு வெளியிலிருந்து வரவில்லை, தொட்டிக்குள்ளேயே பிறந்திருந்தது.

இதன் காரணத்தை ஆசிரியரிடமும் நூல்களிலும் கேட்டறிந்தவாறு கூறுகிறேன். மீன் தன் செவுள் வழியே அமோனியாவை வெளியேற்றுகிறது. உண்ணாது எஞ்சிய உணவும் அழுகி அதனையே தருகிறது. ஆற்றிலும் குளத்திலும் மணலிலும் கல்லிலும் படிந்து வாழும் பற்றீரியாக்கள் அமோனியாவை நைத்திரைற்றாகவும், பின்னர்த் தீங்கு மிகக் குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றிவிடுகின்றன. புதுத் தொட்டியில் அவை பெருகி நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் வேண்டும். மலைநாட்டுக் குளிரில் இன்னும் சில நாள்கள் கூடலாம். நானோ கொதிநீரால் அவற்றின் வித்தையே அழித்திருந்தேன்.

ஆயினும் முதல் ஆறு நாள்களில் ஒரு மீனே இறந்தது ஏன்? ஓரிரவில் நான்கு இறந்தது ஏன்? விடை சுண்ணாம்பிலே இருக்கிறது. நீரிற் கரைந்த அமோனியாவின் பெரும்பகுதி, பீ.எச். 7 அளவில், அமோனியம் என்னும் கொடுமை குறைந்த வடிவில் இருக்கும். 20 பாகை செல்சியஸ் நீரில் கொடிய வடிவம் ஆயிரத்தில் நான்கு பங்கே. பீ.எச். 9 ஆயின் அதுவே நூற்றுக்கு 28 பங்கு. ஏறத்தாழ எழுபது மடங்கு. கனியுப்புக் குறைந்த நம் மலைநீர் காரத்தைத் தாங்கும் வலிமையற்றது. சிறிது சுண்ணாம்பும் அதன் தன்மையைப் புரட்டிவிடும். பிணியுற்றிருந்த மீன்களுக்கு மருந்தென எண்ணி நஞ்சூட்டியவன் நானே.

மீன்தொட்டியின் வரலாற்றிலும் ஒரு தந்தையும் மகனும் இருப்பதை அறிந்து வியந்தேன். லண்டனில் வாழ்ந்த இரசாயன அறிஞர் ரொபர்ட் வாரிங்டன், இரண்டு பொன்மீன்களையும் நீர்ச்செடியையும் ஒரு கண்ணாடிக் கலத்தில் வளர்த்தார். செடியின் இலைகள் அழுகி நீர் கலங்கவே, நத்தைகளை விட்டார். அவை அழுகலை உண்டு நீரைத் தெளிவித்தன. இந்தச் சோதனையை 1850-இல் அவர் வெளியிட்டார். அவர் பெயரையே தாங்கிய மகன், ரொதாம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில், மண்ணில் அமோனியா நைத்திரேற்றாகும் முறையைப் பல்லாண்டு ஆராய்ந்தார். அம்மாற்றத்தைச் செய்யும் நுண்ணுயிர்களை 1890-இல் பிரித்தெடுத்துக் காட்டியவர் ருஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி. தந்தையின் தொட்டியில் நிகழ்ந்தவற்றுள் ஒரு பாதியை விளங்கிக்கொள்ள மகனின் துறை வேண்டியிருந்தது!

அன்றே பரிகாரம் தொடங்கினோம். நாள்தோறும் கால்பங்கு நீரை மாற்றினோம். உணவு ஒரு வேளை, அதுவும் இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே. கடைக்காரர் தம் பழைய தொட்டியிலிருந்து கைப்பிடி மணல் தந்தார். அம்மணலோடு வேண்டிய நுண்ணுயிர்களும் வந்தன. சுண்ணாம்பு வெற்றிலைப் பெட்டிக்கே மீண்டது. ஆறு வாரம் கழித்துச் சோதித்தபொழுது நீர் மஞ்சளாகவே நின்றது. மூன்று மீன்களும் பிழைத்தன.

இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் லயத்துக்குச் சென்றேன். சிறுவனின் தந்தை வாசலில் அமர்ந்திருந்தார். என் தவற்றைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் எழுந்து நின்று, “அதுக்கென்ன மாஸ்டர், நம்ம கை மருந்துக் கைதானே. யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். நான் வீட்டுக்கு வந்ததும் குளிக்காமல் பிள்ளைகளைத் தொடுறதில்லை” என்றார்.

நான் விடையின்றி நின்றேன். கதவருகே பேசினில் அந்த ஒற்றைப் பொன்மீன் நீந்திக்கொண்டிருந்தது. அதனைத் திருப்பித் தரட்டுமா என்று சிறுவன் கேட்டான். வேண்டாம், உன்னிடமே இருக்கட்டும் என்றேன். நாளை மாலை பாடத்துக்கு வருவாயா என்றும் கேட்டேன். அவன் தந்தையின் முகத்தைப் பார்த்தான். அவர் தலையசைத்தார்.

ஆசிரிய அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். வகுப்பில் ஒரு பொருள் காணாமற்போனாலும், ஒரு பிழை நேர்ந்தாலும், நம் கண்கள் முதலில் எந்தப் பிள்ளையை நோக்குகின்றன என்பதைச் சற்றே கவனியுங்கள். நான் கவனிக்கத் தவறினேன். என் மாணவன் தன் தந்தைக்காக ஒரு போத்தல் நீரைப் பத்து நாள் பாதுகாத்து வைத்திருந்தான்.