ஏழு பேருக்கு இடம் உண்டு, பெட்டிகளுக்கு?

குடும்பத்தோடு பழனிக்கோ திருச்செந்தூருக்கோ புறப்படும் அன்று விடியற்காலையில், வாசலில் வந்து நிற்கும் வண்டியின் பின்கதவைத் தூக்கிப் பார்த்த பிறகுதான், ஏழு பேர் சௌகரியமாக அமரலாம் என்று விளம்பரத்தில் கண்ட வாக்கியத்தில் அந்த ஏழு பேருடைய சாமான்களைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை என்பது பலருக்கும் விளங்குகிறது. இதை வண்டி விற்றவரின் வஞ்சனை என்று சொல்வதற்கில்லை. நீளம் வரையறுக்கப்பட்ட ஒரே கூட்டுக்குள் மனிதருக்கும் மூட்டைக்கும் பங்கு பிரிக்க வேண்டியிருக்கையில், மூன்றாவது வரிசையில் அமருகிறவரின் முழங்காலுக்கு எத்தனை அங்குலம் தாராளம் காட்டுகிறார்களோ, அத்தனையும் டிக்கியிலிருந்தே பிடுங்கப்படுகிறது.

டிக்கியின் கொள்ளளவை லிட்டரில் சொல்வது வழக்கம். தண்ணீர் ஊற்றி அளந்தார்கள் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். 20 செ.மீ. நீளமும் 10 செ.மீ. அகலமும் 5 செ.மீ. கனமும் கொண்ட, அதாவது சரியாக ஒரு லிட்டர் பரிமாணமுள்ள கட்டைகளை மூலை முடுக்கெல்லாம் அடுக்கி, எத்தனை கட்டைகள் அடங்கினவோ அத்தனை லிட்டர் என்று எழுதிக்கொள்வது ஐரோப்பாவில் தோன்றிப் பிற தேசங்களிலும் பரவிய முறை. அந்தச் சிறு கட்டை சக்கர வளைவின் ஓரத்திலும், சாய்ந்த ஆசனத்துக்குப் பின்னே விழும் முக்கோண இடுக்கிலும் சாவதானமாக நுழைந்துவிடும். நம் வீட்டுப் பெட்டி நுழையாது. போதாக்குறைக்கு, ஆசனத்தின் தலைமட்டம் வரை அளந்து சொல்லும் கணக்கும் உண்டு, கூரை வரை அளந்து சொல்லும் கணக்கும் உண்டு. ஆகவே இரண்டு கம்பெனிகளின் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் முன், எதுவரை அளந்தார்கள் என்று கேட்டுக்கொள்வது நலம்.

மாருதி எர்டிகாவை எடுத்துக்கொள்வோம். 2012-இல் வந்த முதல் எர்டிகாவில் மூன்று வரிசைகளும் நிமிர்ந்திருக்கும்போது பின்னே மிஞ்சியது 135 லிட்டர். 2018-இல் வந்த இரண்டாவது எர்டிகாவில் அது 209 ஆயிற்று. விமானக் கம்பெனிகள் பல அனுமதிக்கும் பெரிய பெட்டி, நீளம் அகலம் உயரம் மூன்றையும் கூட்டினால் 158 செ.மீ.க்கு மிகாதது, 78, 50, 30 என்று கொண்டால் அதன் பரிமாணம் 117 லிட்டர். துபாயிலிருந்து வருகிற மகனை எதிர்கொண்டு அழைக்க ஆறு பேர் ஆசையோடு ஏறி மீனம்பாக்கம் போகிறார்கள் என்று வைத்துக்கொண்டால், அவன் தள்ளிக்கொண்டு வரும் வண்டியில் இத்தகைய பெட்டிகள் இரண்டு இருக்கும். கூட்டினால் 234 லிட்டர். காகிதக் கணக்கிலேயே இடம் போதவில்லை. மகன் ஏறினால் பெட்டி ஏறாது, பெட்டி ஏறினால் மாமாவோ சித்தியோ மெட்ரோ ரயிலில் வரவேண்டும். மூன்றாவது வரிசையை மடக்கிவிட்டால் அதே வண்டியில் 550 லிட்டர் கிடைக்கிறது என்பதும் உண்மையே. ஆனால் அப்போது அது ஐந்து பேர் வண்டி.

ரெனோ ட்ரைபரின் கதை இன்னும் சுவாரஸ்யமானது. நாலு மீட்டர் நீளத்துக்குள் அடங்கி, பெட்ரோல் இயந்திரமும் 1200 சி.சி.க்கு மிகாமல் இருந்தால் இந்தியாவில் வரி குறைவு. அந்தச் சலுகைக்காக 3990 மி.மீ. நீளத்திலேயே ஏழு ஆசனங்களைப் பொருத்தியதால், அத்தனை பேரும் அமர்ந்த பின் பெட்டிகளுக்கு என்று மிஞ்சுவது 84 லிட்டர். டில்லியில் எழுதிய வரிவிதி, நம் முறுக்குச் சம்படத்துக்கு இடமில்லாமல் செய்துவிடுகிறது! ஆயினும் அந்த வண்டியை வடிவமைத்தவர்களின் சாதுரியத்தைக் குறை கூற இயலாது. மூன்றாவது வரிசை ஆசனங்களை அடியோடு கழற்றி எடுத்துவிடலாம், எடுத்துவிட்டால் 625 லிட்டர் கிடைக்கும். கழற்றிய ஆசனங்களை அடுக்குமாடி வீட்டில் எங்கே வைப்பது என்பதும், போன ஊரில் பாட்டி கூடவே புறப்பட்டுவிட்டால் என்ன செய்வது என்பதும் அவர்கள் பொறுப்பல்ல.

டொயோட்டா இன்னோவா கிரிஸ்டாவில் ஏழு பேரோடு 300 லிட்டர் உண்டு. அதில் மூன்றாவது வரிசை இரண்டாகப் பிரிந்து, இருபுறச் சுவர்களையும் ஒட்டித் தூக்கிக் கட்டப்படுவதால், தரை கிடைக்கிறது, அகலம் குறைகிறது. ஆசனத்தைத் தரைக்குள் புதைத்திருக்கக் கூடாதா என்றால், ஏணிச் சட்டமும், பின்சக்கரங்களை ஓட்டும் அச்சும், அடியில் தொங்கும் ஸ்டெப்னியும் இருக்கிற இடத்தில் பள்ளத்துக்கு வழியேது? முன்சக்கரங்களால் ஓடும் வண்டிக்கு அந்தத் தடை பெரிதும் இல்லை. 1994-இல் ஜப்பானில் ஹோண்டா வெளியிட்ட ஒடிஸியில் மூன்றாவது வரிசை பின்னுள்ள பள்ளத்தில் மடங்கி மறைந்தது. ஆசனம் நிமிர்ந்திருக்கையில் அதே பள்ளம் பெட்டிகளை நிறுத்திவைக்கும் ஆழமான குழியாகப் பயன்பட்டது. 2020-இல் நம் நாட்டுக்கு வந்த கியா கார்னிவலில், மூன்று வரிசைகளும் நிமிர்ந்திருந்தும் 540 லிட்டர் இருந்ததற்கு இந்தப் பள்ளம் ஒரு காரணம். ஐந்து மீட்டரைத் தாண்டிய நீளம் மற்றொன்று. முன்சக்கர ஓட்டத்துக்கு மாறி 2022 இறுதியில் வந்த இன்னோவா ஹைகிராஸில், பின் ஆசனங்களை மடக்கினால் 991 லிட்டர் என்று கம்பெனி குறிப்பிடுகிறது.

எர்டிகாவில் எரிவாயு வகையை வாங்க நினைப்போர் ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். அந்த உருளை இருக்குமிடம் மூன்றாவது வரிசைக்குப் பின்னால், நம் பெட்டி இருக்கவேண்டிய இடத்தில்தான்.

எண்கள் இவ்வாறிருக்க, கைத்திறமை என்று ஒன்று தனியாக உண்டு. சுற்றுலா வண்டி ஓட்டிப் பழகிய டிரைவர் சாமான் ஏற்றுவதைச் சற்று நின்று கவனித்தால் அது புரியும். வீட்டார் ஆளுக்கொரு பையை நீட்டும்போது அவர் எதையும் வாங்குவதில்லை. “சார், சக்கரம் வச்ச பெரிய பெட்டியை முதல்ல குடுங்க, பையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்” என்கிறார். பெரிய பெட்டி, சக்கரம் கீழும் முதுகு ஆசனத்தின் பக்கமுமாக, நிமிர்ந்து நிற்கிறது. அதன் தோளுக்கும் கதவின் சரிவுக்கும் நடுவே துணிப்பைகள் திணிக்கப்படுகின்றன. சக்கர வளைவின் மேல் செருப்புப் பை. எவர்சில்வர் தூக்கு மட்டும் யார் மடிக்காவது போகிறது. ஜமுக்காளத்தைக் கடைசியில் செருகி, பின்கதவை ஓங்கி அறையாமல் அழுத்தி மூடுகிறார். விறைப்பான பெட்டி ஒன்றுக்குப் பதில் துணிப்பை இரண்டாகக் கொண்டுவந்தால் தம் வேலை பாதி குறையும் என்பது அவர் கட்சி. நானும் அந்தக் கட்சியே.

கொள்ளளவைப் பற்றிப் பேசுகிறவர்கள் எடையை மறந்துவிடுகிறார்கள். எர்டிகா வகை வண்டி சுமக்கத் தகுந்தது, ஆட்களையும் சேர்த்து, 600 கிலோவை ஒட்டியே. ஆளுக்கு 65 கிலோ வீதம் ஏழு பேர் 455 கிலோ, மிச்சம் 145. ஊரிலிருந்து திரும்பும்போது இரண்டு அரிசி மூட்டை, ஒரு வாழைத்தார், ஒரு சாக்குத் தேங்காய் என்று சேருமானால் அந்த மிச்சம் வெகு சீக்கிரம் கரையும். கூரைமேல் கேரியர் போட்டுத் தார்ப்பாய் கட்டுவது இடத்தைக் கூட்டுமே ஒழிய இந்த வரம்பைக் கூட்டாது. மேலே ஏறிய பாரம் கொடைக்கானல் வளைவுகளில் வண்டியைச் சாய்க்கவும் பார்க்கும். உள்ளேயும் ஆசனத்தின் தலைமட்டத்துக்கு மேல் அடுக்குவது ஆபத்து. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் மோதி நின்றால், 20 கிலோ பெட்டி ஏறக்குறைய 280 கிலோ பாரத்தின் பலத்தோடு முன்னே பாய வரும். கடைசி வரிசையில் நாம் உட்கார்த்தி வைப்பது பெரும்பாலும் குழந்தைகளை.

வண்டி வாங்கப் போகிறவர்கள் தங்கள் வீட்டுப் பெட்டிகள் இரண்டைக் கையோடு கொண்டுபோய், மூன்றாவது வரிசையை நிமிர்த்தி வைத்தபடியே ஏற்றிக் கதவை மூடிப் பார்க்கட்டும். விற்பனையாளர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு இரண்டு வேண்டுகோள். முழுப் பாரத்துக்கு டயரில் எவ்வளவு காற்று வேண்டும் என்பது பல வண்டிகளில் டிரைவர் பக்கத்துக் கதவுச் சட்டத்தில் ஒட்டிய சீட்டில் தனியாகக் குறித்திருக்கும். புறப்படும் முன் அதைப் பார்த்து, ஸ்டெப்னி உட்பட, காற்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஜாக்கியும் ஸ்பானரும் மூட்டைகளுக்கு அடியில் அகப்பட்டுக்கொள்ளாமல், பின்கதவைத் திறந்தவுடன் கைக்கு எட்டும்படி வையுங்கள்.